திடீரென, எதிர்பாராமல்

கேட்வே மாலின் இரண்டாம் மாடி.
கவுண்டருக்கு அந்தப் பக்கம் லுங்கேலோ,
பெயரைச் சட்டையில் குத்தியிருக்கிறான்.
பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள்
அது பழுதாவதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான்.

"இரண்டு இருக்கிறது, மேடம்.
இது நீட்டித்த வாரண்டி, மூன்று வருஷம்.
தானாகக் கெட்டால் நாங்கள் பொறுப்பு.
இது விபத்துக் காப்பு.
கீழே விழுந்தால், காபி கொட்டினால்,
பிள்ளைகள் உடைத்தால்."
முதலாவது ஆயிரத்து இருநூறு ராண்ட்.
மற்றது அதைவிட அறுநூறு கூட.
இரண்டும் எடுத்தால் பை இலவசமாம்.

தம்பி,
இருபத்திரண்டு வருஷமாக
இந்த வார்த்தைகளில்தான் நான் சோறு தின்கிறேன்.
டர்பனில் எந்தக் கூரை ஒழுகினாலும்
கம்பெனி என்னை அனுப்பும்,
ஒரு டேப்பு, ஒரு டார்ச், ஒரு கேமராவோடு.
'திடீரென, எதிர்பாராமல்' என்று எழுதினால் பணம் உண்டு.
'நாளடைவில்' என்று எழுதினால் இல்லை.
அந்த ஒரு சொல்லால் எத்தனை வீடுகள்
இன்னும் நீலத் தார்ப்பாயின் கீழ் கிடக்கின்றன என்று
நான் எண்ணிப் பார்த்ததில்லை.
எண்ண முடியாது என்பதால் அல்ல.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
விலைச்சீட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட்.
பெருமழைக்கு மறுவாரம்.
ருக்மணி கவுண்டன் வீட்டுப் பின்மதில்
பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின்மேல் படுத்திருந்தது.
"ராத்திரி இடி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்" என்றாள்.
பொய் சொல்லவில்லை.
அவளுக்கு அது திடீர்தான்.
நான் முட்டிபோட்டு
உடைந்த இடத்துக்குள் ஃபிளாஷ் அடித்தேன்.
விரிசலுக்குள் பாசி.
தடித்த, பச்சை, நாலைந்து மழைக்காலத்துப் பாசி.
மதில் வெகுநாளாய் விழுந்துகொண்டிருந்தது;
அன்றிரவு முடித்துக்கொண்டது.

படம் தெளிவாக வந்தது.
என் படங்கள் எப்போதுமே தெளிவு.
அதைப் பார்த்துக் கம்பெனி
ஒரே பத்தியில் கடிதம் எழுதியது.

அவள் கொடுத்த டீயில் ஏலக்காய் போட்டிருந்தாள்.
முழுவதும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

"பழைய கேமரா என்னாச்சு, மேடம்?"
சும்மா பேச்சுக்குத்தான் கேட்கிறான்.
கை நழுவிவிட்டது என்றேன்.
கடிதம் போன அதே வாரம்,
பிளஃபில் ஒரு வீட்டு மாடிப்படி, பதினேழு படிகள்.
நழுவியதா?
வார் எப்போதும் என் கழுத்தில் இருக்கும்.
அன்று ஏன் கழற்றிக் கையில் பிடித்தேன்?
விரல்கள் திறந்தது திடீரெனவா,
நாளடைவிலா?
யார் வந்து என் கைக்குள் ஃபிளாஷ் அடிப்பது?

"எதைப் போடட்டும், மேடம்?"

ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.
இது கடலோர ஊர்.
லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால்?

தாளைப் புரட்டினான். ஆறாம் பக்கம், அடியில்.
எனக்குத் தெரியும் எங்கே இருக்கும் என்று.
"மன்னிக்கணும், மேடம்.
அது கொஞ்சம் கொஞ்சமாக வருவது.
இரண்டிலுமே சேராது."

மரியாதையாகச் சொன்னான்.
நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.
கடிதத்தில் 'மன்னிக்கணும்' கிடையாது.

விபத்துக் காப்பையே போடச் சொன்னேன்.
படிக்காமல் கையெழுத்து வைத்தேன்,
என் வாழ்நாளில் முதல் தடவை.
பை வேண்டாம் என்றேன்.

"ரசீது பத்திரம், மேடம்.
இந்த மை ஆறு மாதத்தில் அழிந்துபோகும்.
ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்."

பார்க்கிங்கில், காரின் பானட்டில் ரசீதை விரித்து
புதுக் கேமராவின் முதல் படம் எடுத்தேன்.
காற்று அடித்தது; ஒரு கையால் அழுத்திப் பிடித்தேன்.
தொகை தெரிகிறது. தேதி தெரிகிறது.
ஓரத்தில் என் கட்டைவிரல், அசைந்து, மங்கலாக.

வெட்டிவிடலாம்தான்.
ஆனால் எங்கள் தொழிலில்
படத்தின் ஓரங்களை வெட்டக்கூடாது.