மதியத் தட்டு

பள்ளிக்குள் நுழைய அனுமதி வேண்டுமென்றால்
முதலில் காவல் நிலையத்துக்குப் போகவேண்டும்.
பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக உருட்டி எடுத்தார்கள்.
அச்சுக்கலை மூன்றாமாண்டு மாணவி நான்;
மை அதிகம், அழுத்தம் போதாது என்று
சொல்லத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
இந்தப் பருவத்தில் என் முதல் அச்சு அதுதான்.
பிரதி ஒன்றுகூட எனக்கில்லை.

ஜனவரி. பஃபலோ நகரம்.
ஏரியிலிருந்து கிளம்பி வந்த பனி
தெருப் பலகைகளில் பெயர்களை மூடியிருந்தது.
பேருந்தில் என் மடிமீது
லினோலியத் துண்டுகள், உருளை, கறுப்பு மை,
இருபத்தாறு செதுக்குளிகள்.
"தச்சு வேலையா?" என்றார் ஓட்டுநர்.
ஆமாம் என்றேன்.
அந்தக் குளிருக்கு அதுவே போதுமான பதில்.

வாசல் காவலாளி உளிகளை எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
கூரான எதுவும் மாடியேறாது என்று
ஒரு ரசீது கிழித்துத் தந்தார்.
பல்கலைக்கழகம் கொடுத்த கையேட்டில்
பதினோராம் பக்கம்: எதிர்பாராததை வரவேற்கவும்.
எப்படி என்று
பன்னிரண்டாம் பக்கத்திலும் இல்லை.

நான்காம் வகுப்பு. கொதிக்கும் வெப்பக்குழாய்.
அதன்மேல் காயும் கையுறைகளின் ஈர நாற்றம்.
ஹோதன் என்ற சிறுமி எழுந்து கேட்டாள்:
"நீங்கள் நிஜ ஓவியரா, இல்லை மாணவியா?"
என் அப்பாவும் இதையேதான் கேட்கிறார்,
மாதா மாதம், வாடகை நாளில்.

வகுப்பாசிரியை ப்ரூயிட் ஒன்றும் பேசவில்லை.
கீழே போனார்.
உணவுக்கூடத்திலிருந்து
வெள்ளை நுரைத்தட்டுகளை
மோவாய் வரை அடுக்கித் தூக்கிவந்தார்.
"பென்சில் போதுமா?"

போதும்.
நுரை குழிந்தது; பென்சில் போன வழியெல்லாம்
ஒரு வாய்க்கால்.
ஏ டோ சே பனி தள்ளும் வண்டியைக் கீறினான்,
கூடவே, அது புதைத்துவிட்டுப் போகும் அவன் அம்மாவின் காரையும்.
ஹோதனின் தட்டில்
அவள் குடியிருப்பின் மின்தூக்கி, கதவில் 'பழுது'.
தமாரியன் எதையும் வரையவில்லை;
தட்டைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றான்.
காலணி அடியின் அத்தனை கோடுகளும் விழுந்தன.
நான் கற்றுத்தர நினைத்ததைவிட அது நல்ல படம்.

எல்லோரும் அடியில் பெயர் எழுதினார்கள்.
அச்சில் திரும்பி விழும் என்று சொல்ல மறந்தேன்.
தாளை உரித்ததும் வகுப்பே வெடித்தது:
பெயர்களெல்லாம் வாலில் தொடங்கி
தலையில் முடிந்தன.
யாரோ தன் பெயரை அப்படியே கூவி வாசித்தான்,
அடுத்து இன்னொருத்தி.
பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டினார்கள்.

நெஸ்தோர் மட்டும் சிரிக்கவில்லை.
அவன் பெயரின் முதல் எழுத்து, 'என்',
அவன் கையில் எப்போதும் இடம்வலம் மாறித்தான் பிறக்கும்.
மேசைமேல் கிடந்த நோட்டில் பார்த்தேன்,
பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டம்.
இப்போது தாளில்
மற்ற எழுத்துகள் முகம் திருப்பிக்கொள்ள
(வட்ட எழுத்துக்கு முகமேது, முதுகேது)
அந்த 'என்' மட்டும் நேராக நின்றது.

இன்னொரு தட்டு கேட்டான்.
விளிம்பு முதல் விளிம்பு வரை அந்த ஓரெழுத்து.
ஒரு தாள். இரண்டு. நான்கு.
மை தேய்ந்து தேய்ந்து
ஏழாவது தாளில் ஜன்னலில் பட்ட மூச்சு போலிருந்தது.
எனக்கு ஒன்று தருவாயா என்றேன்.
மாட்டேன் என்றான்.
ஈரம் காயாமலே கோட்டுக்குள் திணித்துக்கொண்டான்.
ப்ரூயிட் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்தது பின்னங்கள்.

திரும்பும் பேருந்தில் அறிக்கைப் படிவம்.
'மாணவர் அடைந்த பயன், ஐம்பது சொற்களுக்குள்.'
கட்டத்தில் என் கட்டைவிரல் முன்பே பட்டிருந்தது,
நல்ல கறுப்பு, சரியான அழுத்தம்.
துடைத்தேன்; இன்னும் பரவியது.

மூன்று நிறுத்தம் தாண்டித்தான் நினைவு வந்தது,
உளிகள் வாசலிலேயே இருக்கின்றன.
ரசீது பத்திரமாக இருக்கிறது.
செவ்வாய்க்கிழமை காட்டி வாங்கவேண்டும்.