ராசிபுரம் தாண்டி

உடம்பு சரியில்லாமல் வேலூருக்கு வருகிறவர்களில்
சிலரைத்
திருப்பிக் கொண்டுபோய் விடுவது என் வேலை.
கண்ணாடிப் பெட்டி, ஐஸ், டிரிப் ஷீட்,
பின்சீட்டில் அழுது களைத்த ஒரு மைத்துனர்.
சித்தூர், கடப்பா,
ஒருமுறை அசன்சோல் வரைக்கும்.

கெசியாவுக்கு நாலரை வயது.
அவளுக்குத் தெரிந்த சாவு இவ்வளவுதான்:
செத்துப்போனால் அப்பா வந்து
அவங்கவங்க ஊரில் விட்டுவிடுவார்.

அதனால் செவ்வாய்க்கிழமை
பட்டாணி எழுந்திருக்கவில்லை என்றதும்
அவள் அழவில்லை.
"எப்பப்பா கிளம்புற?" என்றாள்.

பட்டாணி, பச்சைச் சாயம் போட்ட கோழிக்குஞ்சு.
தோட்டப்பாளையத்தில் சைக்கிள்காரனிடம்
ரோஸ் வேண்டாம், நீலம் வேண்டாம் என்று
கால்மணி நேரம் குந்தியிருந்து எடுத்தது.
பதினோரு நாள் இருந்தது.
டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் தூங்கும்.
அவள் கக்கூஸ் போனால்
கதவுக்கு வெளியே நின்று கத்தும்.
கழுத்தில் பச்சை போய் வெள்ளை முளைத்தபோது
காய்ச்சல் என்று சொல்லி
என் தைலத்தைத் தேடினாள்.

தெபோரா ராணிப்பேட்டை ஷூ கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்தாள்.
ஆறாம் நம்பர், லேடீஸ், கறுப்பு.
"முருங்கைக்குக் கீழ வச்சிடுங்க. எறும்பு வந்துடும்."
"அது பட்டாணி ஊரு இல்ல."
"வேற எது அதோட ஊரு?"
இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
நாமக்கல் என்றேன்.
சைக்கிள்காரன் பெட்டியில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

அன்றைக்கு ராத்திரி ராசிபுரத்துப் பெரியவர் ஒருவர்.
ஆம்பூர் தாண்டும்போது அவர் மகன் கேட்டான்,
"முன்னாடி பெட்டியில என்னண்ணே?"
"பாப்பாவோடது."
அதற்குமேல் கேட்கவில்லை, நல்ல பையன்.

விடியற்காலை இறக்கினோம்.
தெருவிலேயே பெஞ்சு போட்டு
குடம் குடமாய் ஊற்றினார்கள்.
நான் அங்கேயே திரும்பியிருக்கலாம்.
வழியில் எத்தனை புளியமரம்!
பொய் எனக்கு நன்றாகவே வரும்;
"ஒண்ணும் ஆகாதும்மா" என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.
இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர்.
டீசல் என் கைக்காசு.

பண்ணை தெரிவதற்கு முன்பே வாடை வந்தது.
நீள நீளமாய்க் கொட்டகை, மஞ்சள் பல்பு,
உள்ளே ஓயாத ஒரு சத்தம்.
வாட்ச்மேன் டார்ச் அடித்துப் பார்த்துச் சிரித்தான்.
"ஒத்தக் குஞ்சுக்கா இவ்வளவு தூரம்?
இங்க தெனம் ஒரு டிரம் போவுது."
பிறகு மூடிமேல்
கிரேயானில் கிறுக்கியிருந்த வட்டத்தையும் இரண்டு காலையும் பார்த்தான்.
மண்வெட்டி எடுத்துவந்தான்.
பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில்
செங்கோடன் என்று
கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

கெசியா அந்தக் கையெழுத்தை
விரலால் மறுபடி எழுதிப் பார்த்தாள்.
"அதோட அம்மா இருந்தாங்களா?"
"நிறைய அம்மா இருந்தாங்க."
"அழுதாங்களா?"
"சத்தம் கேட்டுச்சு."

தோசை ஆறிக்கொண்டிருந்தது.
"நான்தான் குளிப்பாட்டுனேன்" என்றாள்.
"வெயிலா இருந்துச்சு அதுக்கு."
மக்கின் அடியில் பச்சை படிந்திருந்ததை
செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டேன்.
"அந்தத் தாத்தாவையும் குளிப்பாட்டுனாங்களாப்பா?"
"ஆமா. எல்லாரும் சேர்ந்து."
"சோப்பு போட்டா?"
"சீயக்காய்."
"நான் சோப்பு போட்டேன்" என்றாள்.
அப்போதுதான் அழுதாள்.
மூச்சு வாங்க, மூக்கு ஒழுக,
என் யூனிஃபார்ம் சட்டைப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்குத் தெரிந்த வார்த்தையெல்லாம்
பெரியவர்களுக்கானது.

ஞாயிற்றுக்கிழமை
சைக்கிள்காரனின் பாம் பாம்.
கேட்டருகே போய் நின்றாள்.
கூடைக்குள் பார்த்தாள், ரோஸ், நீலம், பச்சை.
அவன் ஒன்றை எடுத்து நீட்டினான்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"குளிப்பாட்டக் கூடாதுன்னு
வாங்குறவங்ககிட்ட எல்லாம்
நீங்க சொல்லணும்" என்றாள்.
அவன் என்னைப் பார்த்தான்.
"சரி பாப்பா."
"இப்பவே சொல்லுங்க."
அடுத்த வீட்டு வாசலில் நிறுத்தி,
சத்தமாக, அவள் காது கேட்கும்படி,
சொல்லிவிட்டுப் போனான்.