மயிலிட்டி, இரவுப் படப்பிடிப்பு

என் விளையாட்டில் இந்தக் கதவை
ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் திறந்திருக்கிறார்கள்.
கோண்டாவிலில் வாடகை அறையொன்றில்
மின்சாரம் போகாத இரவுகளில் செய்த கதவு.
பின்னால் ஒன்றுமில்லை.
திறக்கிற அரைச் செக்கனுக்குள்
அடுத்த அறையை அவசரமாய்க் கட்டி முடிக்கும் கணினி.
ஒருவருக்கும் தெரியாது.

இப்போது அதே கதவு, மரத்தில்.
கலை இயக்குநர் தர்மினி சங்கானையில் தேடி எடுத்தது.
கிறீச்சிட வேண்டுமென்று
பிணைச்சலை மூன்று நாள் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள்.
கிறீச்சிடவில்லை.
சத்தம் பிறகு போடலாம் என்கிறார் இயக்குநர் கஜரூபன்.
அவருக்கு எல்லாமே பிறகு போடலாம்.

பேய்க்குக் குருநகர் யூட்.
பகலில் ஐஸ் லொறி ஓட்டுகிறவர்.
நான் செய்த பேய் பதினொரு அடி நடக்கும்,
திரும்பும், பதினொரு அடி நடக்கும்,
ஆள் வரும் வரைக்கும்.
எதற்கென்று நான் யோசித்ததேயில்லை.
"தம்பி, உது எங்கை போகுது?
போற இடம் தெரிஞ்சாத்தானே நடக்கலாம்."
பதில் இல்லாமல்
தேத்தண்ணி எடுத்துக் கொடுத்தேன்.

விளையாட்டில் கிணற்றடிக்கு அப்பால் போனால்
கண்ணுக்குத் தெரியாத சுவர் முட்டும்.
அதற்கு அப்பால் நான் எதையும் செய்யவில்லை. சோம்பல்.
இங்கே கிணற்றடிக்கு அப்பால்
சிவப்பு மண்டையோட்டுப் பலகை, சாய்ந்து.
மிதிவெடி எடுத்து முடிந்ததென்று கடிதம் இருக்கிறது.
பலகையை எடுக்கத்தான் ஒருவரும் வரவில்லை.
லைற் பெடியன் றிஸ்மி அதில்
சேட்டைக் காயப்போட்டிருக்கிறான்.
கஜரூபனுக்குப் பலகை பிடித்துவிட்டது,
காட்சிக்குள் வேண்டுமாம்.
"அது என்ரை விளையாட்டில இல்லை" என்றேன்.
பொய்க் காரணம். எடுபட்டது.

உட்சுவரில் சிங்கள எழுத்து, கீழே கரிக்கோடுகள்.
மந்திரமென்று நினைத்து
உதவி இயக்குநர் ஓடிவந்து படம் பிடித்தாள்.
புத்தளத்து றிஸ்மிதான் வாசித்தான்.
வொலிபோல் கணக்கு.
இருபத்தைந்துக்குப் பத்தொன்பது.
யாரோ எப்போதோ தோற்ற ஒரு பின்னேரம்.
பெயின்ற் அடிக்க வந்தவனை நான் மறித்தேனா,
அவன் வாளி காலியாகிவிட்டதா, ஞாபகமில்லை.
கணக்கு இருக்கிறது.

ஆறு டேக்.
ஜெசிந்தா கதவைத் திறக்கிறாள், அலறுகிறாள்.
நல்லாய்த்தான் அலறுகிறாள்.
எனக்குப் பயம் வரவில்லை.

பயம் விளையாடுகிறவனின் பெருவிரலில் இருந்தது.
திறவாதை என்று அவனே சொல்லி
அவனே அழுத்துவான்.
செத்தால் அவன் பிழை.
தியேட்டரில் அவன் கையில் கச்சான் சரை.
ஜெசிந்தா செத்தால் அது ஜெசிந்தாவின் பிழை.
இரண்டு மாதமாய் இதைக் கஜரூபனுக்குச் சொல்கிறேன்.
"விரலைப் படம் பிடிக்கேலாது தம்பி."

ஏழாவதில் ஜெனரேற்றர் நின்றது.
கடல் நாலு அடி கிட்ட வருகிற இருட்டு.
முப்பது பேர், சாத்திய கதவு,
டோர்ச் பெட்டி கதவுக்கு அந்தப் பக்கம்.
ஒருவரும் அசையவில்லை.
"ஆரேன் திறவுங்கோவன்."
ஜெசிந்தாவின் குரல், நடிப்பில்லாமல்.
யூட் அண்ணை முகமெல்லாம் பவுடரோடு
என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்.
என் பெருவிரல்
காற்சட்டைப் பைக்குள் எதையோ
அழுத்திக்கொண்டிருந்தது.

கமரா பற்றறியில் ஓடியபடி.

பிறகு வெளியிலிருந்து ஃபோன் வெளிச்சம்.
வீட்டுக்காரி புவனலோஜினி.
எங்களுக்கு நடுவால் நடந்து
கதவைத் தள்ளி உள்ளே போய்
ஆட்டுக்கு வைத்திருந்த குழைக்கட்டைத்
தூக்கிக்கொண்டு வந்தாள்.
"ரெண்டு நாள் வாடகை நிக்குது" என்றாள் கஜரூபனிடம்.
"நாளைக்குத் தருவியளோ?"

கதவு அப்போதும் கிறீச்சிடவில்லை.
கட் சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை.
நாளைக்கு எடிட்டர் கேட்பான்,
உதில ஒண்டும் தெரியேல்லையே, வெட்டவோ என்று.
வாடகைக் கதையை மட்டும் வெட்டச் சொல்லலாம்.
இல்லை,
அதுவும் கிடக்கட்டும்.