கொன்றது டாக்டர்

ஈஸ்டர் விடுமுறை. நார்வே மலைக்குடில்.
கதவோரம் அரையாள் உயரப் பனி.
தூரிட் ஆரஞ்சை உரித்தபடி
அதே பழைய கொலையைப் பிரிக்கிறாள்.

முதல் பக்கத்தில் பென்சிலில்
ஹால்வோரின் கிறுக்கல்:
"கொன்றது டாக்டர்."
பொய்.
புத்தகத்துக்கு ஓர் அப்பாவியை
மாட்டிவிட்டுத்தான்
போய்ச் சேர்ந்தான் மனுஷன்.

கொன்றது பாதிரியார் என்று தெரியும்.
தெரிந்தும்
டாக்டர் தேநீர் கலக்கும்போதெல்லாம்
அவர் கையையே பார்க்கிறாள்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து
ஒருவர் விடாமல் கேட்கிறார்கள்.
விஷம், சாவி, நின்றுபோன கடிகாரம்,
எதுவும் மிச்சமில்லை.

ஹால்வோருக்கு மருத்துவமனை தந்த தாளில்
ஒரே வரி.
யாரையும் உட்காரவைக்கவில்லை.

ஆரஞ்சுத் தோலை அடுப்பில் எறிகிறாள்.
அடுத்த புத்தகம்.
"கொன்றது தோட்டக்காரன்."
சரி, பார்ப்போம்.