இடது மடல், வலது மடல்

பயான் லெப்பாஸ். ஞாயிறு, காலை ஏழு ஐம்பது.
பெரிய விமானங்கள் இரண்டுக்கு நடுவே
எங்கள் செஸ்னாவுக்கு ஒரு சந்து கிடைக்கும்.
ஆறு இரவு ஓவர்டைம் சேர்த்து வாங்கிய
ஒரு மணி நேரம்.
கிளம்புமுன் சுற்றி நடந்து
மடல்களைக் கையால் அசைத்துப் பார்த்தேன்.
கீலில் பனி ஈரம், விரலில் கொஞ்சம் கிரீஸ்.
தரையைத் தொட்டு, நிற்காமல், மறுபடி எழ வேண்டும்.
தனியாக. அவ்வளவுதான் பாடம்.

மூன்றாவது சுற்றில் சக்கரம் கீச்சிட்டது.
கை தன் வேலையைச் செய்தது:
மடலை ஏற்று, விசையைத் தள்ளு, மூக்கைத் தூக்கு.
செய்தது என்றுதான் நினைத்தேன்.

விமானம் எழுந்தது,
ஈரச் சேலையோடு படியேறுகிறவள் மாதிரி.
ஐம்பத்தைந்து நாட். முள் அதற்குமேல் நகரவில்லை.
கீழே போயிருக்க வேண்டிய
ஜெரஜாக் தீவின் மரங்கள்
எதிரே நின்றன.

எஞ்சினைப் பார்த்தேன். எண்ணெயைப் பார்த்தேன்.
காற்றைத் திட்டினேன்.
பிறகுதான் கழுத்தைத் திருப்பினேன்.
முழு முப்பது டிகிரிக்குத் தொங்கிக்கொண்டிருந்தது மடல்.
அதன் இடுக்கில் கடல்.

மேலே தள்ளிய நினைவு பொய்யில்லை.
அது போன சுற்றின் நினைவு.

மொத்தமாக ஏற்றினால்
தாங்குகிற காற்று கைவிட்டுவிடும்.
ஒரு படி. பொறு.
வேகம் வரட்டும்.
இன்னொரு படி.
பாலத்தின் தூண்களை எண்ணினேன்,
எதையாவது எண்ண வேண்டியிருந்தது.
மரங்கள் மெல்ல உட்கார்ந்தன.

கோபுரத்திலிருந்து ஒரு குரல், எல்லாம் சரியா என்றது.
சரி என்றேன்.
அது அப்போதுதான்
உண்மையாகிக்கொண்டிருந்தது.

மடலேறுதல் பெண்ணுக்கு இல்லை,
பழைய இலக்கணம்.
ஏறியாயிற்று. இனி
ஏற்றுவதும் இறக்குவதும்தான் பாடு.

கடைசி இறங்கலில்
முள்ளையும் நம்பவில்லை, கைப்பிடியையும் நம்பவில்லை.
காலியான வலது இருக்கைக்கும் கேட்கும்படி
வாய்விட்டுச் சொன்னேன்:
இடது மடல், பார்த்தாச்சு.
வலது மடல், பார்த்தாச்சு.

அன்றிரவு ஃபேக்டரியில்,
மைக்ராஸ்கோப்பின் கீழே
நானூற்றுச் சொச்சமாவது சில்லு.
பாஸ் என்று அழுத்தப்போன விரல் நின்றது.
நான் பார்த்தது இதையா, இதற்கு முந்தியதையா?

திரும்ப எடுத்து வைத்தேன்.
பின்னால் லைன் லீடர் நோர்ஹயாத்தி
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள்.