பத்தொன்பது

இரவு இரண்டு பத்து. பெருங்குடி, ஆறாவது மாடி.
கண்ணாடிக்கு வெளியே சதுப்புநிலத்தின் மேல்
குப்பைமேட்டுப் புகை படுத்திருக்கிறது.
உள்ளே என் கறுப்புத் திரையில்
மூன்று நொடிக்கு ஒருமுறை புரண்டு படுக்கிறது பட்டியல்:
நானூற்றுப் பதினேழு பிராசஸ்கள்,
ஓடுபவை இரண்டு,
மற்றதெல்லாம் தூக்கம்.

தூங்குவதைக் குறை சொல்ல மாட்டேன்.
கீழே செக்யூரிட்டி எழில்வாணனும் அப்படித்தான்,
தொட்டால் எழுந்துகொள்வார்.

உச்சியில் ஒன்று தொண்ணூற்றெட்டு சதவீதம் தின்றுகொண்டிருந்தது.
சம்பளக் கணக்கு. தின்னட்டும்.
நடுவில் ஒரு ஜாம்பி:
செத்துவிட்டது, பெற்றது இன்னும் வந்து
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவில்லை.
ராயப்பேட்டை மார்ச்சுவரி வாசலில்
சித்தப்பாவுக்காக ஒரு பகல் முழுக்க நின்றவள் நான்.
அந்த வரியைச் சீக்கிரம் தாண்டினேன்.

டிக்கெட்டில் இருந்தது ஒரே வாக்கியம்:
'உரிமையாளர் இல்லாதவற்றை நீக்குக.'
வயதின்படி அடுக்கினேன்.
இரண்டு வருடம் நாற்பது நாளாக ஓடும் ஒன்று
மேலே வந்து நின்றது,
ஷாஹிதா பெயரில்.

ஷாஹிதா மார்ச்சில் போனவள்.
இல்லை, போகச் சொல்லப்பட்டவள்.
அட்டையை வாங்கினார்கள், லேப்டாப்பை வாங்கினார்கள்,
சார்ஜரின் வயரைக்கூட விரித்துப் பார்த்து வாங்கினார்கள்.
இதை வாங்க மறந்துவிட்டார்கள்.
அவள் லாகின் அறுந்ததும் அநாதையாகி,
எல்லா அநாதைகளையும் போல
ஒன்றாம் எண்ணுக்குப் பிள்ளையாகியிருந்தது.

சிபியூ பூஜ்யம். மெமரி ஒரு துளி.
நைஸ், பத்தொன்பது.
அதற்கு மேல் பணிவு கிடையாது இந்த இயந்திரத்தில்.
நீங்கல்லாம் போங்க, மிச்சமிருந்தா நான் என்று
ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில்
பாதி உடம்பை ரோட்டில் வைத்து உட்கார்வாளே, அப்படி.
பெயர்: தொட்டி.
ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன்.

பதினைந்து என்று அனுப்பினால் சொல்லிவிட்டுக் கொல்வது,
மூட்டை கட்ட நேரம் உண்டு.
ஒன்பது என்றால் சொல்லாமல்.
ஷாஹிதாவுக்கு ஒன்பது. வெள்ளிக்கிழமை, மாலை நாலரை.
நான் பதினைந்து அனுப்பினேன்.
கீழிருந்த வரிகள் ஒரு படி ஏறி
இடத்தை மூடிக்கொண்டன.

ஏழரைக்குத் தேசம்மாள் வாளியோடு வந்தாள்.
"எந்த மாடியிலயும் தண்ணி இல்ல.
கொழாயத் தொறந்தா காத்துதாம்மா வருது."
பத்து மணிக்கு மேனேஜர் முகம் கழுவாமல் மீட்டிங்கில்.
பதினொன்றுக்கு யாரோ நம்பர் தேடி எடுத்து,
டேங்கர் லாரி கன்னியப்பன் ஸ்பீக்கரில்:
"மெசேஜ் வரலியே சார். டெய்லி மூணு மணிக்கு வரும்,
அண்ணே சம்ப் காலி ஒரு லோடுன்னு.
அந்தப் பொண்ணைக் கேளுங்க."

எந்தப் பொண்ணு என்று மேஜையைச் சுற்றிக் கேட்டார்கள்.
நான் வீட்டுக்குப் போகாமல் கீழே இறங்கினேன்.
சம்ப் மூடியைத் தூக்கினால்
பழைய லேன் கேபிளில் கட்டித் தொங்கியது ஒரு சென்சார்,
மேலே பால் கவர் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு.

அவள் ஃபோல்டரில் இன்னொரு கோப்பு,
கன்னியப்பன் அனுப்பிய பதில்கள்,
யாரும் திறக்காதவை, நூற்றுக்கணக்கில்.
சரிம்மா.
சரிம்மா.
மயிலை தேரு, ரோடு பிளாக், லேட்டாவும்.
சரிம்மா.
பொங்கல் வாழ்த்து. வீட்ல எல்லாரும் சவுக்கியமா.
சரிம்மா.
நீ தூங்கவே மாட்டியா.

அன்றிரவு அதை மறுபடி ஓடவிட்டேன்.
உரிமையாளர் இடத்தில் என் பெயர்.
நைஸ் எவ்வளவு என்று யோசிக்கவில்லை, விரல் அடித்துவிட்டது.
'அண்ணே' என்ற சொல்லைத் தொடவில்லை.

மூன்று மணிக்குப் பட்டியலில் ஒரு நொடி விழித்து,
பச்சையாகி, திரும்பப் படுத்தது.
மூன்று நாலுக்குக் கோப்பில் ஒரு வரி கூடியிருந்தது:

வந்துட்டியாம்மா. நேத்து உடம்பு சரியில்லியா?