அறுபது பிஸ்கட்

ஐசிங் பையின் நுனி காய்ந்துவிடாமல்
ஈரத்துணியில் குத்தி வைத்திருந்தேன்.
அறுபது தேன் பிஸ்கட், இதய வடிவம்,
ஓரத்துக்கு வெள்ளைப் புள்ளி,
நடுவில் எமெஷெ, ஆகோஷ்,
அடியில் தேதி.
முப்பத்தெட்டாவதில் போன்.
கல்யாணம் நின்றுவிட்டதாம்.
"காசுதான் கொடுத்தாச்சே,
நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

டெப்ரெட்சென் தெருவெல்லாம் பனிச்சேறு, டிராம் மணி.
மிச்சம் இருபத்திரண்டு, வெறும் சிவப்பு.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
தேதியை மட்டும் எழுதினேன்.
எது நின்றாலும்
அந்தச் சனிக்கிழமை வரும்.

காலையில் வந்தாள், பூட்ஸைக்கூடத் தட்டவில்லை.
பெட்டியைப் பிரித்து
பெயர் போட்டதாக ஒன்றை எடுத்து
அவன் பக்கமாகக் கடித்தாள்.
மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"கிராம்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள்.
ஆமாம் என்றேன்.